எல்லாப் பக்கத்திலும் தலைவர்

அறுபது வயது முடிந்த கையோடு பேரூராட்சித் தலைவர் திருமேனிநாதனுக்குப் பிள்ளைகளின் படிப்பு மேல் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. பகுதிநேர ஓவிய டீச்சர் மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"என் வாழ்க்கையைப் படப் புத்தகமா வரையும்மா. அதிகாரம்னா என்னன்னு ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும். எல்லாப் பக்கத்துலயும் நான் இருக்கணும், ஒரு பொய்கூட இருக்கக் கூடாது. படிக்கத் தெரியாத பிள்ளையும் படத்தைப் பார்த்தே நான் யாருன்னு சொல்லணும். இல்லேன்னா ஜூன்ல உனக்கு வேலை இல்லை."

பொய் சேர்க்காமல் பக்கத்தை நிரப்புவது எப்படி என்று மரியபுஷ்பம் ஒரு நிமிடம் மலைத்துப்போனாள். பிறகு, "ஐயாவோட போட்டோ ஆல்பத்தைக் குடுங்க, அதுல உள்ளதை அப்படியே வரையறேன்" என்றாள்.

வெளியீட்டு விழாவில் தலைவரே ஒரு சிறுமியை மேடையேற்றிப் புத்தகத்தைக் கொடுத்தார். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுடுகாட்டுக் கொட்டகை என்று அவள் நிதானமாகப் புரட்டினாள்.

"நான் யாருன்னு மைக்ல சொல்லு கண்ணு."

"இது எங்கப்பா கட்டின தண்ணித் தொட்டி. நீங்க டெய்லர் தாத்தா. எல்லாத்துலயும் கத்திரிக்கோலோட ரிப்பன் வெட்டுறீங்க."

தலைவர் டீச்சரை முறைத்தார்.

"பொய் எதுவும் கலந்திருந்தா ஐயாவே சொல்லுங்க, அழிச்சிடறேன்" என்றாள் மரியபுஷ்பம் பணிவாக.

கூட்டம் கைதட்டியது. வேறு வழியில்லாமல் தலைவரும் தட்டினார்.

மறுநாள் காலை அவர் வீட்டு கேட் முன்னால் மூன்று பிள்ளைகள் கிழிந்த டிரவுசரோடு வரிசையில் நின்றார்கள்.