லூர்தம்மாள் தட்டிய வரிகள்

பிலவேந்திரன் இருபது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பதினான்கு வயது இளையவளான நாச்சியாரிடம் கணினி வேலை கற்க வந்து சேர்ந்தார். தூத்துக்குடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் எல்லோரும் அவர்களைக் குரு, சிஷ்யன் என்றே கேலி செய்வார்கள். இருவருக்கும் அதில் வருத்தமில்லை.

பேச முடியாதவர்கள் போனில் எழுதினால், அதைச் சேமித்து வைத்து, வேண்டும்போது குரலில் வாசித்துக் காட்டும் செயலி அவர்களுடையது. வரி மாறும் ஒவ்வொரு இடத்திலும் குரல் சற்று நிற்கும்.

லூர்தம்மாளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. மறுநாள் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் ஒலிக்க வேண்டிய வாழ்த்தை எழுதிச் சேமித்திருந்தாள். காலையில் போட்டுப் பார்த்தால், குரல் எங்கேயும் நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடி முடித்துவிட்டது. அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள், இனி வேண்டாம் என்கிறாள் என்று மகள் அலுவலகத்துக்கு அழைத்து அழுதாள்.

பிலவேந்திரனுக்கு முகம் செத்துவிட்டது. செயலியில் சேமிக்கும் பகுதியை எழுதியவர் அவர்தான்.

“டேட்டாபேஸ் வரியெல்லாத்தையும் தின்னுட்டு மேடம்.”

“அது எதையும் தின்னாது வாத்தியாரே. குடுத்ததை வச்சிருக்கும். நீங்க என்ன குடுத்தீங்க?”

திறந்து பார்த்தார். உள்ளே அனுப்பும் முன்பே வரி மாறும் இடங்களையெல்லாம் வெறும் இடைவெளியாக மாற்றி வைத்திருந்தார். இருபது வருஷம் கரும்பலகையைத் துடைத்த கை, இதையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது.

“இதைச் சரிபண்ணாம நான் இன்னைக்குச் சாப்பிடப் போறதில்ல,” என்றார்.

சொன்னபடியே சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. நல்லவேளையாக லூர்தம்மாளின் போனில் அவள் எழுதியது அப்படியே இருந்தது. அதை வாங்கி, திருத்திய செயலியில் மறுபடி சேமித்தார். மூன்று மணிக்குத் துள்ளிக்கொண்டு வந்து நாச்சியாரிடம் போட்டுக் காட்டினார். குரல் வரிக்கு வரி நின்று வாசித்தது.

நாச்சியார் கடைசிவரை கேட்டாள். “அந்தம்மா எழுதினதும் இதுவும் ஒண்ணுதானா?”

“அதேதான். நடுவுல நாலு காலி வரி கிடந்துச்சு, அதை மட்டும் எடுத்துட்டேன். அதுல ஒரு எழுத்துகூட இல்லியே.”

நாச்சியார் திட்டவில்லை. தன் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“அவங்க எழுதினதைப் பாத்து, அப்படியே இதுல தட்டுங்க.”

அவர் தட்டத் தொடங்கினார்.

‘என் தங்கமே,
நீ பட்டுக் கட்டி நிற்கிறாய்.
உன் அப்பா இருந்திருந்தால்’

அடுத்து எழுத ஒன்றும் இல்லை. வரி மாற்றும் பொத்தானைத் தட்டினார். காலி வரி வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும். நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டினார். அதற்கும் கீழேதான் அவள் எழுதியிருந்தாள்:

‘சந்தோஷமாக இரு.’

பிலவேந்திரன் போனைத் திருப்பிக் கொடுத்தார். தன் இடத்துக்குப் போய், காலி வரிகளை நீக்கும் கட்டளையை அழித்தார். எல்லாவற்றையும் இன்னொரு முறை சேமித்தார். மகளுக்கு அனுப்பப் போனவர், கை தயங்கித் திரும்பினார்.

“மண்டபம் நிறைய சனம் இருக்கும் மேடம். அந்த நாலு வரிக்கும் குரல் என்ன சொல்லும்?”

“ஒண்ணும் சொல்லாது. அதைத்தான் அந்தம்மா எழுதியிருக்காங்க.”