சருகுமான் கடித்த செவ்வந்தி

காட்டோரக் குளத்தங்கரையில் மருதன் என்றொரு முயல் செவ்வந்தித் தோட்டம் போட்டது. முயல்கள் தோட்டத்தைத் தின்னும். இது மட்டும் தோட்டம் போட்டது! அதற்குக் காரணம் தேனீக்கள்.

"போன ஐப்பசியில் இந்தக் காட்டில் பூவே இல்லை. வருகிற ஐப்பசியிலும் இல்லையென்றால், நாங்கள் வேறு காடு பார்த்துக்கொள்கிறோம்!" என்று அவை சொல்லிவிட்டன. தேனீ போனால் காய் ஏது, கனி ஏது? எல்லா விலங்குகளுக்கும் இதே கவலை.

மருதன் ஆனி மாதத்தில் வேர்க்கன்றுகளைப் பிரித்து நட்டது. களை எடுத்தது. சாணம் சுமந்து வந்து போட்டது. செடிகள் ஒரு சாண் உயரம் வளர்ந்தன. தனக்குச் செல்லமான ஒரே ஒரு செடியைச் சுற்றி மட்டும் முள் வைத்து அடைத்தது. மற்றவற்றுக்கு முள் பொறுக்க நேரமில்லையாம்!

ஆடி மாதம் ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், அடைத்த செடியைத் தவிர வேறெதிலும் கொழுந்தைக் காணோம்.

"ஐயோ! யார் செஞ்ச வேலை இது?"

தேட வேண்டியதே இல்லை. முயலளவே இருக்கும் சருகுமான் பொன்னாத்தா வாயில் ஓர் இலையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு கால் நொண்டி. ஓடித் தப்பவும் முடியவில்லை.

"நான்தான் தம்பி... வாசனையா இருந்துச்சு. நாக்கு கேக்கல" என்று அது அழுதது.

மருதன் போட்ட கூச்சலில், கரடி தலைமையில் காடே கூடியது.

"வாயில் இலை, செடியில் கொழுந்தில்லை. வேறு சாட்சி எதற்கு? அக்கரைக்கு விரட்டுங்கள்!" என்றது நரி.

ஆற்றுக்கு அக்கரையில் செந்நாய்க் கூட்டம் திரிந்தது. நொண்டிச் சருகுமான் அங்கே ஒரு பொழுது தாங்காது. எல்லாருக்கும் அது தெரியும். இருந்தும் எல்லாரும் நரி சொன்னதற்கே தலையாட்டினார்கள். அவரவருக்குத் தேனீக் கவலை!

"ஆற்றில் வெள்ளம் ஓடுகிறது. வடிந்த அன்றைக்கே நீ கிளம்பிவிட வேண்டும்!" என்று கரடி தீர்ப்புச் சொன்னது.

வெள்ளம் வடியப் பன்னிரண்டு நாள் ஆனது. அத்தனை நாளும் மருதன் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. புதருக்குள் சுருண்டு கிடந்தது. பன்னிரண்டாம் நாள், அந்த ஒரு செடியாவது பிழைத்ததா என்று பார்க்கப் போனது.

செல்லச் செடி ஒற்றைக் குச்சியாக நெடுநெடுவென்று நின்றது. பொன்னாத்தா கடித்த செடிகளோ குட்டையாக, அடர்த்தியாக நின்றன! நுனி போன இடத்துக்குக் கீழே, கணுவுக்குக் கணு புதுக்கிளை. ஒன்றில் நான்கு, இன்னொன்றில் ஆறு. கிளைக்குக் கிளை பூக்குமே! மருதன் வாயைப் பிளந்தது.

"அடக் கடவுளே! நான் காப்பாத்தினதுதான் சோனியாப் போச்சா!"

அப்போதுதான் அதற்கு உறைத்தது. இன்றைக்குத்தானே வெள்ளம் வடிந்தது!

மருதன் எடுத்தது ஓட்டம். ஆற்றங்கரைக்கு வந்தபோது, பொன்னாத்தா வயிறளவு தண்ணீரில் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. அக்கரைப் புதருக்கு மேலே செந்நாய்களின் காதுகள் தெரிந்தன.

"அக்கா! நில்லு! திரும்பு!"

"போய்க்கிட்டுத்தானே இருக்கேன் தம்பி... அடிக்காதே!"

"அடிக்க வரல! நீ கடிச்ச செடியெல்லாம் கிளைவிட்டிருக்கு! தப்பு என்மேலதான். வா அக்கா, நம்ம காட்டுக்கே வா!"

பொன்னாத்தா திரும்பிக் கரையேறியது. ஏறியதும் ஈர மணலிலேயே உட்கார்ந்து அழுதது. மருதனும் கூடச் சேர்ந்து அழுதது. 'அப்பாடா' என்று வந்த அழுகை அது.

கிளைவிட்ட செடிகளை வந்து பார்த்த கரடி வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தது. "நான் அப்போதே நினைத்தேன்!" என்றது நரி. நரியைப் பற்றித்தான் நமக்குத் தெரியுமே!

ஐப்பசியில் குளத்தங்கரை முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. தேனீக்கள் வேறு காட்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

"வர்ற ஆடிக்கும் வந்து கொழுந்தைக் கடிச்சிட்டுப் போ அக்கா" என்றது மருதன். "மொட்டு விட்டபிறகு மட்டும் வாயை வச்சிடாதே!"

"அதுக்குள்ள நாக்கைக் கட்டிப்போட்டுடறேன் தம்பி!"

நட்டம் என்று கண்ணில் பட்டதுமே தண்டிக்கப் பாயாமல் அது என்னவாக முடிகிறது என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். தவறியது நாம்தான் என்று தெரிந்துவிட்டால், அந்த நொடியே ஓடிப்போய்த் திருத்திவிட வேண்டும்.