ஜீப்புக்குச் சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை, தேரிக்காட்டு ஆசிரமத்துப் பழைய ஜீப் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது.

டிரைவர் ஆறுமுகநயினார் சாவியைத் திருகினார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருகினார். மறுபடியும் 'டிக்'. மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டியது.

வியர்க்காதா பின்னே? முக்குரோட்டில் தங்கப்பழம் காத்துக்கொண்டிருக்கிறார். சிறுநீரகம் கெட்டுப்போனவர். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும், உயிருக்கே உத்தரவாதம் இல்லை. அந்தப் பாதையில் பஸ் கிடையாது. ஊரில் இருந்த ஒரே ஆட்டோவும் கோயில் சவாரிக்குப் போய்விட்டது.

நயினார் சமையற்கட்டு ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்த்தார். செம்மணலில் வண்டி அசைவேனா என்றது. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம்கூட நசுங்கவில்லை.

"நேத்துத்தானே உனக்கு ராஜ உபசாரம் பண்ணினேன், சனியனே!" என்று பானட்டில் ஓர் அறை விட்டார். அறைந்த கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சத்தம் கேட்டு பிரம்மசக்தி அம்மா வந்தார். நயினாருக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அந்த ஆசிரமத்துக்கு அவர் குரு, இவர் சீடர். அதில் நயினாருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"கிளம்ப மாட்டேங்குதும்மா. நான் என்ன பாவம் செஞ்சேனோ!"

"பாவத்தை அப்புறம் பாப்போம். ஹாரனை அடிங்க."

ஹாரன் ஜலதோஷம் பிடித்த மாதிரி முனகியது.

"லைட்டு?"

"ஏதோ எரியுது, மங்கலா."

"லைட்டை அணைக்காம சாவியைத் திருகுங்க."

திருகினார். இருந்த வெளிச்சமும் போய்விட்டது.

"நேத்துக் காலையில ஓடுச்சா?"

"ஜம்முனு ஓடுச்சே!"

"அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

நயினாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு குறையும் வைக்கலம்மா. குளிப்பாட்டினேன், மாலை போட்டேன். பொட்டு வைக்காத இடமே கிடையாது. பேட்டரி ஒயரைக்கூடக் கழற்றி, அந்த ஈயக் குமிழ் ரெண்டுக்கும் சந்தனத்தைக் குளிரக் குளிர அப்பி, குங்குமம் வச்சு, மேலேயே ஒயரை மாட்டிட்டேன். உசுரு இருக்கிற இடம் அதுதானே?"

சமையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அம்மா சிரிக்கவில்லை.

"ஸ்பானரை எடுங்க."

ஒயரைக் கழற்றினால், குமிழுக்கும் ஒயருக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து ஓடாகி, கரண்டுக்கு வழிவிடாமல் கிடந்தது. அம்மா தன் சேலைத் தலைப்பை எடுத்துத் துடைக்கப் போனார்.

"ஐயோ, நீங்க வேண்டாம்!" நயினார் தோள் துண்டை உருவினார். உருவிவிட்டாரே தவிர, தானே வைத்த பொட்டை அழிக்கக் கை வரவில்லை.

"தங்கப்பழம் வெயில்ல நிக்கிறார், அண்ணாச்சி."

துடைத்தார். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டினார். ஈயம் பளிச்சென்று தெரிந்தது. ஒயரை மாட்டி முடுக்கிவிட்டுச் சாவியைத் திருகினார். ஜீப் ஒரு தரம் இருமியது, பிறகு கடகடவென்று உயிர் பிடித்துக்கொண்டது.

கிளம்ப வேண்டியவர் கீழே இறங்கினார். அதிர்ந்துகொண்டிருந்த பானட்டில் கை வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"அம்மா, அந்த வருஷம் பாம்பு கடிச்சு நான் நுரை தள்ளிக் கிடந்தப்போ, பின்சீட்டுல போட்டு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த வண்டிதான். இன்னிக்கு நான் மூச்சு விடுறதே இதாலதான். அந்த நன்றிக்குத்தான் இத்தனையும் செஞ்சேன். அதுவே இதை முடக்கிப் போட்டுடுச்சே! பின்னே நான் எப்படித்தாம்மா நன்றி சொல்ல?"

அம்மா பின்கதவைத் திறந்தார். சீட்டு முழுக்க வாழைக்கன்றும் மாவிலையும் மிஞ்சிய மாலைகளும் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் இரு கையாலும் வாரி மணலில் இறக்கினார்.

"நீங்க படுத்துட்டுப் போன இடம் காலியாயிடுச்சு. போய் அவரை ஏத்திக்கிடுங்க."