மாவு மூட்டை மேல் உட்கார்ந்த அரசவை

முன்னொரு காலத்தில் தண்டலை நாட்டை இடும்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஒன்றில் ஆசை விழுந்துவிட்டால் மற்றது எதுவும் அவன் கண்ணில் படாது. அந்த வருஷம் அவனுக்கு மரவள்ளி மாவு அடையில் ஆசை விழுந்தது. மூன்று வேளையும் அடைதான். அவனுக்கு மட்டுமா? அரண்மனையில் இருந்த ஆயிரம் பேருக்கும் அதேதான், வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும்.

ஒருநாள் காலை உப்பரிகையில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடக்கே ஒரு மலை நின்றது. பிறந்தது முதல் அவன் பார்க்காத மலை.

"அந்த மலையை யார் அங்கே கொண்டுவந்து வைத்தது?"

அரண்மனையின் உணவுக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட உக்கிராண அதிகாரி விடங்கராயர் பக்கத்தில் நின்றிருந்தார். "அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது, பிரபு. நடுவில் காடு மறைத்திருந்தது. அந்தக் காடு இப்போது அடையாகிவிட்டது. மாவு உலர்த்த நாளொன்றுக்கு நாலு வண்டி விறகு வேண்டுமே."

ராஜா பல் துலக்குவதை நிறுத்தினான். ஒரு காட்டையே தின்றிருக்கிறோமே என்று வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"கவலை வேண்டாம், பிரபு. இலுப்பைக்குடியில் பெரிய இலுப்பைத் தோப்பு இருக்கிறது. நாளை மறுநாள் கோடாலிக்காரர்களை அனுப்புகிறேன்" என்றார் விடங்கராயர். ராஜாவும் தலையாட்டிவிட்டான். ஆசை லேசில் விடுமா?

சேதி இலுப்பைக்குடிக்குப் போய்விட்டது. மறுநாளே காத்தாயி என்ற பெண் சபைக்கு வந்து நின்றாள். சந்தைக்கு மரவள்ளி மாவு போட்டுப் பிழைப்பவள்.

"மகாராசா, எங்க ஊருல தாளிக்கிறதும் விளக்கு ஏத்துறதும் இலுப்ப எண்ணெயிலதான். தோப்பு போச்சுன்னா ஊரே காலியாயிரும். உங்களுக்கு மாவுதான வேணும்? ஒரு வண்டி விறகுல உங்க மாவு அத்தனையும் நான் காயவச்சுத் தாரேன்."

விடங்கராயர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் நாலு வண்டி எரிக்கிறேன், பிரபு. இவள் ஒன்றில் முடிப்பாளாம்."

"தோற்றால்?" என்று ராஜா கேட்டான்.

"தோப்ப வெட்டிக்கங்க. நானே இங்க வந்து ஆயுசுக்கும் விறகு சுமக்கறேன்."

"சரி. நாளை மாலைவரை தோப்பில் கோடாலி படாது. இது என் வாக்கு."

பொழுது விடிந்தது. ஒரு நாள் மாவுக்கான துருவிய கிழங்கை ஆளுக்கொரு பங்காகச் சமமாகக் கொடுத்தார்கள். விடங்கராயர் ஈரத் துருவலை அப்படியே தட்டுகளில் கொட்டி, அடுப்பைத் திகுதிகுவென்று எரியவிட்டார். காத்தாயியோ நெருப்பே மூட்டவில்லை. துருவலைச் சாக்குகளில் கட்டி முற்றத்தில் அடுக்கிப் பலகை போட்டாள்.

"கனமா எதாச்சும் வேணும், மகாராசா. பாறாங்கல் கிடைக்குமா?"

"கல்லுக்கு எங்கே போவது? கனமென்றால் என் சபையோர்தான் இருக்கிறார்கள்" என்று ராஜா விளையாட்டாகச் சொன்னான்.

"அவங்களே போதும்" என்றாள் அவள்.

ராஜா ஆடிப்போனான். ஆனாலும் சொல்லியாகிவிட்டது. பண்டிதர்கள், சேனாதிபதிகள், ஜோசியர் என்று எல்லாரும் பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு மூட்டைகள் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். விடங்கராயர் மட்டும் தன் கௌரவத்துக்கு இது ஆகாது என்று தள்ளி நின்றார். சற்று நேரத்தில் சாக்குகளிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கி, முற்றம் நிறைந்து வாசல்வரை ஓடியது.

"இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?" ராஜா நனையாமல் காலைத் தூக்கிக்கொண்டான்.

"கிழங்குக்குள்ளருந்துதான். இத்தன நாளா இதைத்தான் காட்ட எரிச்சு ஆவியாக்கிட்டு இருந்தீங்க."

அடுத்து அவனைக் கூரைமேல் ஏறி விடங்கராயரின் புகைக்கூண்டுக்கு மேலே கையை நீட்டச் சொன்னாள். நீட்டியவன் அலறிக்கொண்டு கையை இழுத்துக்கொண்டான். மீசை நுனியும் பொசுங்கிவிட்டது.

"மாவுக்குப் போட்ட நெருப்புல பாதி காக்காய்க்குக் குளிர் காய உதவுது, மகாராசா."

அவள் பிழிந்த துருவலை நாலு தட்டுகளில் பரப்பி, தன் அடுப்பில் தொடங்கித் தட்டுகளுக்கு அடியில் அடி உடைந்த பானைகளைக் குழாய்போல வரிசையாகக் கோத்து மண்பூசி, அதன் பிறகே தீ மூட்டினாள். புகை நேரே வானத்துக்குப் போகாமல் பானைகள் வழியே நாலு தட்டுகளுக்கு அடியிலும் ஊர்ந்து, சூடு தணிந்த பிறகே வெளியேறியது. மாலையில் அவள் மாவு மொறமொறவென்று காய்ந்துவிட்டது. ஒரு வண்டி விறகில் இன்னும் ஒரு கட்டு மிச்சம். விடங்கராயர் நாலாவது வண்டியை எரித்துக்கொண்டிருந்தார்.

"பிழிந்தது மோசடி, பிரபு. உலர்த்துவதுதானே போட்டி" என்றார் விடங்கராயர்.

"விறகு எவ்வளவு என்பதுதான் போட்டி. அவள் ஜெயித்தாள். தோப்பு பிழைத்தது" என்றான் ராஜா.

அப்போது கோடாலிக்காரர்களின் தலைவன் வியர்வையோடு வந்து கும்பிட்டான். "நாற்பது மரம் சாய்ச்சாச்சு, பிரபு. மிச்சத்தை நாளைக்கு முடிச்சிடுறோம்."

ராஜா பாய்ந்து முன்னால் வந்தான். "யார் அனுப்பியது?"

விடங்கராயர் தலைகுனிந்தார். "எப்படியும் தோற்பாள் என்று... விடியும்போதே அனுப்பிவிட்டேன், பிரபு."

காத்தாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் வாக்கு என் நாட்டில் ஒரு பகல்கூட நிற்கவில்லையே என்று ராஜா கூனிக்குறுகிப் போனான். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"மீதி மரங்களை இனி யாரும் தொடக்கூடாது. இவருக்கு என்ன தண்டனை என்று நீயே சொல், அம்மா."

அவள் எழுந்து நின்றாள். "செத்த மரம் எழுந்திரிக்காது, மகாராசா. இந்த நாப்பது மரந்தான் அரண்மனைக்கு ஒரு வருசத்து விறகு. இனிமே ஒரு சுள்ளிகூடக் கிடையாது. என் மாதிரி எரிச்சா வருசம் பூரா வரும். அவர் மாதிரி எரிச்சா மூணே மாசம்."

"கேட்டீரா?" என்றான் ராஜா. "விறகு தீர்ந்தால் அடுத்த ஒன்பது மாதமும் ஆயிரம் பேருக்கான மாவை நீரே வாயால் ஊதி உலர்த்துவீர்."

மறுநாள் விடிந்ததும் விடங்கராயரைக் காணோம் என்று தேடினார்கள். மனிதர் முற்றத்தில் இருந்தார். எல்லாருக்கும் முன்பே வந்து, இருப்பதிலேயே பெரிய மூட்டையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.