கரடி வளர்த்த குட்டை ஆடு

மலையடிவாரக் காட்டில் ஒரு கரடி இருந்தது. இலுப்பைப் பூவைக் கண்டால் அதற்குக் கண்மண் தெரியாது. தின்று தின்று வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டது. காட்டுக்கு வைத்தியம் பார்க்கும் கொக்கு வந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தது.

"தினமும் ரெண்டு வேளை ஆட்டுப்பால் குடி. இல்லைன்னா வயித்தைக் கழட்டிக் காயப் போட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

கரடிக்கு உடம்பு வணங்காது. அதனால் சந்தையில் இருப்பதிலேயே சின்ன ஆடாகத் தேடியது. முழங்கால் உயரத்தில் ஒரு கறவை ஆடு நின்றது. பெயர் குன்றிமணி. ஆடு சின்னது, அப்படியானால் வேலையும் சின்னது என்று கரடி முடிவு கட்டியது. இரண்டு தேனடையைக் கொடுத்துவிட்டு, ஆட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு குகைக்கு வந்தது.

இறக்கி விட்டதுமே குன்றிமணி வாயைத் திறந்தது.

"கரடியாரே, ஈரத்தரையில நான் படுக்கமாட்டேன், ஒரு பரண் போடும். தண்ணியில ஒரு தூசி கிடந்தாலும் குடிக்கமாட்டேன், தினமும் மாத்தும். குளம்பு வளந்தா சீவிவிடணும். நேரம் தப்பாம கறக்கணும். தினமும் வெளிய கூட்டிட்டுப் போயி தழை கடிக்க விடணும். துணைக்கு இன்னொரு ஆடும் வேணும்."

"துணைக்குத்தான் நான் இருக்கேனே?"

"உம்ம நாத்தத்துக்கு என் மூக்கைப் பொத்தவாவது இன்னொரு ஆடு வேணும்."

'இருப்பது முழங்கால் உயரம், இதற்கு எவ்வளவு வாய்!' என்று கரடி நினைத்தது. ஆடு சொன்னதில் கறப்பதை மட்டும் ஒழுங்காகச் செய்தது. ஆடு குட்டை என்பதால் குப்புறப் படுத்துத்தான் கறக்க வேண்டும். படுத்துக்கொண்டே செய்கிற வேலை என்பதால் அதற்குப் பிடித்துப்போயிற்று. நான்காம் நாளே வயிற்றெரிச்சலும் அடங்கியது.

மேய்க்கப் போவதுதான் உயிரை வாங்கியது. குன்றிமணி ஒரு செடியில் இரண்டு கொழுந்து கடிக்கும், உடனே அடுத்த செடிக்கு ஓடும். கரடி மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடும். இதைப் புதருக்குள் இருந்து ஒரு நரி பார்த்துக்கொண்டே இருந்தது.

"எதுக்கு அண்ணாச்சி இப்படி நாயா அலையுதீங்க?" என்று வெளியே வந்தது நரி. "ஒரு மூட்டைக் கம்பைக் கொட்டிட்டுப் படுத்துத் தூங்குங்க. ஒரு வாரத்துக்கு அது பாட்டுக்குத் தின்னும். பாலும் கொட்டும்."

கரடிக்கு அது நியாயமாகவே பட்டது. கரடியும் ஒரே மூச்சில் ஒரு தேன்கூட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு நாள் தூங்குகிற ஜீவன்தானே. ஆட்டு வயிறு கரடி வயிறு இல்லை என்பது அதன் மண்டையில் ஏறவே இல்லை.

"தப்பித்தவறி ஆடு மண்டையைப் போட்டுட்டா நீங்க சிரமப்படாதீங்க. தூக்கிப் போடுற வேலையை நான் பாத்துக்கிடுதேன்" என்றது நரி. என்ன நல்ல மனசு என்று கரடி உருகிப்போனது. நரி நேராக மாமியார் வீட்டுக்குப் போய், நாளைக்கு விருந்து என்று சொல்லிவிட்டு வந்தது.

அன்று சாயங்காலமே கரடி ஒரு மூட்டைக் கம்பைத் தூக்கிவந்து ஆட்டின் முன்னால் கொட்டியது. கொட்டிய கையோடு குறட்டை விட்டது. விடிந்து பார்த்தால் கம்பில் பாதியைக் காணவில்லை. குன்றிமணியின் இடப்பக்கத்து வயிறு மேளம் மாதிரி உப்பிக் கிடந்தது.

"அத்தனையுமா தின்னே?" என்று கரடி பதறியது.

"தின்னது நான்தான், இல்லைங்கல" என்று முனகியது ஆடு. "கம்பைப் பாத்தா ஆட்டுக்குப் புத்தி நிக்காது. அதுக்குத்தானே வளக்கிறவன்னு ஒருத்தன் வேணும்?"

கரடி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் கூட்டம் வந்துவிட்டது. நரி, அதன் மாமியார், மூன்று மச்சினன்மார். வந்த வேகத்தில் பந்திக்கு உட்கார்வது போல வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"இன்னும் முடியலையா மாப்பிள்ளை?" என்று கேட்டது மாமியார் நரி.

அப்போதுதான் கரடிக்கு உறைத்தது. "ஏலே, நேத்து நல்லா நடமாடுன ஆட்டுக்கு நேத்தே ஆள் சொல்லிட்டியா?" என்று நரியின் மேல் பாயப் போனது.

"சண்டையை அப்புறம் போடும்" என்றது குன்றிமணி. "நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன். எண்ணெய் இருக்கா?"

சனிக்கிழமை குளியலுக்கென்று கரடி ஒரு குடுவை நல்லெண்ணெய் வைத்திருந்தது. யாரையும் தொட விடாது. அதை எடுத்து வந்தது.

"கடைவாய் ஓரமா, கொஞ்சங்கொஞ்சமா ஊத்தும். மூச்சுக்குழல்ல இறங்குச்சுன்னா அதுவே என்னைக் கொன்னுரும். அப்புறம் என் முன்னங்காலைப் பாறை மேல ஏத்தி வச்சு இடப்பக்கத்தை அமுக்கும். பிறகு நடத்தும். படுக்க விட்டீர்னா நான் எந்திரிக்கமாட்டேன்."

கரடி ஊற்றியது, அமுக்கியது, நடத்தியது. மேட்டில் ஏறி இறங்கியது, மறுபடி ஏறியது. பின்னாலேயே நரிக்கூட்டமும் சவ ஊர்வலம் போல வந்தது. ஆடு தடுமாறும்போதெல்லாம் மச்சினன்மார் ஓரடி முன்னே வைப்பார்கள். கரடி திரும்பி முறைத்ததும் ஓரடி பின்னே போவார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி வேறு.

பால் போய்விடுமே என்றுதான் கரடி முதலில் பயந்தது. மூன்றாம் முறை மேடேறும்போது பாலின் நினைப்பே அதற்கு வரவில்லை. அந்த வாயாடி ஆடு வாய் பேசாமல் நடந்து வந்ததுதான் அதற்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் நடந்தது.

உச்சி வெயிலில் குன்றிமணி நின்றுவிட்டது. கதை முடிந்தது என்று மாமியார் நரி கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தது. அப்போது ஆடு விட்ட ஏப்பத்தில் மாமியாரின் மீசை மயிர் முழுவதும் பின்பக்கம் மடங்கியது. ஏப்பத்தைத் தொடர்ந்து பின்வாசலும் திறந்துகொண்டது. பின்னால் நின்ற மச்சினன்மார் மூவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிதறினார்கள். வயிறு வற்றத் தொடங்கியது.

"இந்த விருந்துக்குத்தானா மாப்பிள்ளை எங்களைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டது மாமியார். மச்சினன்மார் நரியை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்பது அவர்கள் குடும்ப விஷயம்.

கரடி அப்படியே புல்லில் சரிந்தது.

"பால் எப்ப வரும்?" என்று மெல்லக் கேட்டது.

"பத்து நாளைக்கு எதிர்பாக்காதேயும். அப்புறமும் என் உடம்பு தேறுனாத்தான்."

 கரடி எழுந்து, பரண் போட மூங்கில் ஒடிக்கப் போனது. மறுநாள் தண்ணீர் மாற்றியது. குளம்பு சீவும்போது மூக்கில் ஓர் உதை வாங்கியது. துணைக்கு இன்னொரு ஆட்டையும் கூட்டி வந்தது, அதற்கு இதைவிட நீளமான வாய். பத்து நாளும் காலையிலும் மாலையிலும் கரடி இரண்டையும் மேய்க்கப் போனது. ஒரு சொட்டுப் பால்கூடக் கேட்கவில்லை. பதினோராம் நாள் குன்றிமணி தானாகவே வந்து பக்கத்தில் நின்று, "குப்புறப் படும்" என்றது.

ஓர் உயிரை வளர்க்கக் கொண்டுவந்தவன், அதன் வயிற்றை அறிந்து தீனி போட வேண்டுமே தவிரத் தன் சோம்பலை அளந்து போடக் கூடாது.