அல்லியம்மைக்குப் போட்ட மூன்று இலை

வெகு காலத்துக்கு முன்னால், மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், குன்றவள நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவின் மடைப்பள்ளிக்குக் கறி கொண்டுவந்து கொடுக்கிறவன் செங்கோடன் என்ற வேட்டைக்காரன். அவன் வீட்டில் காலையில் முயல், மத்தியானம் காடை, ராத்திரிக்கு மிச்சம் இருப்பது எதுவோ அது. ரசத்தில்கூட ஒரு எலும்பு கிடக்கும்.

ஒரு நாள் செங்கோடன் ஒரு மானைத் துரத்திக்கொண்டு போனான். போன வேகத்தில் ஒரு மந்திரவாதியின் தோப்புக்குள் அம்பை விட்டுவிட்டான். மான் தப்பித்தது. அம்பு மந்திரவாதியின் தண்ணீர்ப் பானையில் பட்டுப் பானை உடைந்தது.

மந்திரவாதி குடிசையிலிருந்து வெளியே வந்து பானையைப் பார்த்தான். செங்கோடனைப் பார்த்தான்.

"கண்ணு தெரியாதவன் கல்லா நில்லுடா" என்றான்.

செங்கோடன் பிடித்த வில்லும் கையுமாகக் கல்லாகிவிட்டான். மந்திரவாதி வேறு பானை வாங்கப் போய்விட்டான்.

ஊரார் கல்லை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, அவன் வீட்டு முற்றத்தில் முருங்கை மரத்தடியில் நிறுத்தினார்கள். செங்கோடனின் மனைவி மாராயி தினமும் விடிந்ததும் கல்லின் மார்பில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே நெஞ்சு அடிக்கும். டப்... டப்... நாளுக்கு நாள் அது மெதுவாகிக்கொண்டே வந்தது. அது நின்றுவிட்டால் அப்புறம் கல் வெறும் கல்தான். மாராயிக்கு அது தெரியும். அதனால் கேட்டுவிட்டு யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டாள்.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். செங்கோடனின் அக்காள் அங்காயி. மாராயிக்கு அண்ணி முறை. தம்பி மழையில் நனையக் கூடாது என்று கல்லின் தலையில் ஓலைக்குடை ஒன்றைக் கட்டிவைத்திருந்தாள். குடையில் காக்கை உட்கார்ந்தால் விளக்குமாற்றோடு ஓடிவருவாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் அல்லியம்மை அந்த ஊருக்கு வந்தாள். அல்லியம்மை யார் என்று கேட்கிறீர்களா? ஆடு பேசினால் அவளுக்குப் புரியும், மாடு பேசினால் புரியும், எறும்பு தனக்குள் முணுமுணுத்தால்கூடப் புரியும். அவள் வாயால் ஒரு சொல் சொன்னால் எந்த மந்திரமும் கட்டவிழ்ந்துவிடும். தன் வழியே போய்க்கொண்டிருந்தவள், கல்லைப் பார்த்து நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"உள்ள ஆள் இருக்காரே" என்றாள்.

மாராயி ஓடிவந்தாள். "எங்க வீட்டுக்காரர்தாம்மா. எழுப்பிக் குடுங்க."

"எழுப்பலாம். ஆனா நான் உண்ட வீட்டுக்குத்தான் என் சொல்லு பலிக்கும். உங்க அடுப்புல வெந்த சோறு, உங்க கையால போட்ட சோறு, இலையில விழுந்த சோறு. அது ஒரு வாய் போதும்."

அங்காயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இவ்வளவுதானா? மாராயி, அந்தச் செவலைச் சேவலைப் பிடி!"

"சேவல் வேண்டாம்மா. இப்பத்தான் அதுகிட்டப் பேசிக்கிட்டு வந்தேன்" என்றாள் அல்லியம்மை. "யார் பேச்சு எனக்குப் புரியுதோ, அவங்களோடதை நான் தின்கிறதில்லை. கறி ஆகாது. முட்டை ஆகாது. பாலு, மோரு, நெய் ஆகாது. தேன்கூட ஆகாது."

அங்காயி சற்று நேரம் யோசித்தாள். "அப்ப நீங்க உசிரோட இருக்கிறது எப்படிம்மா?"

"இருக்கேனே" என்றாள் அல்லியம்மை. "ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. அதுல எதுவாவது ஒரு துளி வயித்துக்குள்ள போனாலும், பொழுது சாயற வரைக்கும் அந்த உசிரோட குரல்தான் எனக்கு வரும். மனுஷப் பேச்சு வராது. எனக்கு வாசனையும் தெரியாது. அதனால பார்த்துப் போடவேண்டியது நீங்கதான். ஒரு வீட்டுல மூணு வேளை உக்காருவேன். நாலாவது வேளைக்கு ஒரு வருஷம் போகணும்."

ஒரு வருஷம் வரைக்கும் கல்லுக்குள் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்காது. மாராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

முதல் வேளைக்குப் பருப்புக் குழம்பு வைத்தாள். அந்த வீட்டில் இருந்ததெல்லாம் கறி ஆக்கின சட்டிகள்தான். அதில் ஒன்றை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வெந்நீர் விட்டுக் கழுவினாள், வெயிலில் காயவைத்தாள். முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கறி வாசனையிலேயே இருக்கிற மூக்குக்கு என்ன தெரியும்?

இலை போட்டாயிற்று. சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. வேலிக்கு வெளியே ஊர்ப் பெண்கள் கூடி நின்றார்கள். அல்லியம்மை ஒரு வாய் உண்டாள். எழுந்து கல்லுக்கு எதிரே போய் நின்றாள். வாயைத் திறந்தாள்.

"கொக்... கொக்கொக்..."

வேலியோரம் சீய்த்துக்கொண்டிருந்த கோழிகள் எல்லாம் ஓடிவந்து அவளைச் சுற்றிக்கொண்டன. செவலைச் சேவல் கழுத்தை நீட்டி இறக்கையை ஒரு பக்கமாகத் தாழ்த்திக்கொண்டு வந்தது. அல்லியம்மை அதைப் பார்த்துக் கோபமாக என்னவோ கொக்கரித்தாள். அது திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

"நீ கோழி போட்டியாடி?" என்றாள் அங்காயி.

"போடலை அண்ணி. சட்டி. கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்தச் சட்டியிலதான் கோழிக்குழம்பு. அத்தனையும் சட்டி மண்ணுக்குள்ள இறங்கிக் கிடக்கு. நான்தான் யோசிக்காமப் போனேன்."

பொழுது சாய்ந்ததும் அல்லியம்மைக்குக் குரல் திரும்பியது. அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. பாயை வாங்கிக்கொண்டு படுத்துவிட்டாள். மாராயி கல்லில் காதை வைத்தாள். டப்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டப்...

மறுநாள் மாராயி குயவர் வீட்டிலிருந்து புதுச் சட்டியும் புதுப் பானையும் வாங்கிவந்தாள். கொட்டாங்கச்சியில் புது அகப்பை செய்தாள். அம்மியில் கருவாட்டு மசாலா அரைக்கிற வழக்கம் உண்டு. அதனால் அம்மிப் பக்கமே போகாமல் மிளகாயைக் கையால் கிள்ளிப் போட்டாள். அவரைக்காய்ப் பொரியல், கடைந்த துவரம்பருப்பு, தாளிக்க நல்லெண்ணெய். இலையில் சோற்றைப் போட்டு, நடுவில் குழி பறித்துப் பருப்பை ஊற்றிவிட்டுத் தண்ணீர்ச் செம்பு எடுக்க உள்ளே போனாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி இலையில் பருப்பு விழுந்தால், வீட்டின் மூத்த பெண் நெய் ஊற்ற வேண்டும். விருந்தாளி போதும் போதும் என்று கையை நீட்டி மறிக்கிற வரைக்கும் ஊற்ற வேண்டும். அல்லியம்மை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நெல்லுக்கும் அவரைக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் அவள் கை வைப்பாள். மூடின கண்ணோடு இருக்கிறவள் எப்படி மறிப்பாள்? மறிக்கவில்லையே என்று அங்காயி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அல்லியம்மை ஒரு வாய் உண்டாள். எழுந்து கல்லுக்கு எதிரே போய் நின்றாள். வாயைத் திறந்தாள்.

"ம்ம்மா..."

கட்டுத்தறியில் நின்ற கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு அவளிடம் ஓடிவந்தது.

"அண்ணி!" என்றாள் மாராயி.

"ஒரு கரண்டி நெய்தாண்டி! நெய்யினால எந்த மாடு செத்துப்போச்சு? வீடு தேடி வந்தவங்களுக்கு வெறும் பருப்பை ஊத்தினா நாளைக்கு எவ நம்ம வாசல்ல கால் வைப்பா?"

"அவங்க ஆகாதுன்னு சொன்னாங்களே அண்ணி."

"எல்லாரும்தான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லுவாங்க. ஊத்தினா உறிஞ்சிக்குவாங்க."

"ம்ம்மா" என்றாள் அல்லியம்மை, அங்காயியை நேராகப் பார்த்து. அங்காயி தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் மாராயி கல்லின் மார்பில் காதை வைத்தாள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு குடம் தண்ணீர் இறைத்துவிடலாம் போலிருந்தது. அங்காயி பின்னால் வந்து நின்றாள். அவளும் காதை வைத்தாள். எழுந்தபோது அவள் முகம் வேறு முகமாக இருந்தது.

"எனக்கும் அவன் ஒரே தம்பிதானேடி" என்றாள். "என்னை வெளியில நிறுத்திடாதே. குழம்பை மட்டும் கிளறிக் குடுக்கிறேன். நெய்யைத் தொட்டா என் கை அழுகிப்போகட்டும்."

மாராயி அகப்பையை அவள் கையில் கொடுத்தாள்.

அன்றைக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. இலை போட்டாயிற்று. சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. ஊரே வேலியில் சாய்ந்து நின்றது. அல்லியம்மை கண்ணை மூடி, திறந்து, சோற்றைப் பிசைந்து உருட்டினாள்.

அங்காயி மாராயியின் காதருகில் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து மாதிரி இல்லை. நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கேன். நெத்திலிப் பொடி ஒரு சிட்டிகை. குழம்பு எப்படி மணக்குது பாரு!"

"அண்ணி, மீனு..."

"மீன் எங்கடி பேசுது? ஆடு கத்தும், மாடு கத்தும். மீன் என்னைக்காவது கத்திக் கேட்டிருக்கியா? குரலே இல்லாததோட குரல் எப்படி வரும்?"

மாராயி ஒரு கணம் நின்றாள். மீனுக்குக் குரல் இல்லை. மீனைத் தின்றால் அல்லியம்மைக்கும் குரல் இருக்காது. ஒரு சொல்லும் வராது. இது மூன்றாவது வேளை.

அல்லியம்மையின் கை வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது.

மாராயி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த கையிலிருந்து உருண்டையைத் தட்டிவிட்டாள். இலையைச் சோற்றோடு சுருட்டி இழுத்துக்கொண்டாள்.

வேலிக்கு வெளியே எல்லாரும் வாயில் கையை வைத்தார்கள். விருந்தாளியின் இலையை உண்ணும் முன்னே உருவினவள் அந்த நாட்டில் அதுவரை யாரும் இல்லை. "அடிப்பாவி" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். மாராயிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் இலையை விடவில்லை.

"என் இலையை எடுத்துட்டியே" என்றாள் அல்லியம்மை.

"அதுல மீன் இருக்கும்மா. தெரியாம விழுந்துடுச்சு. நீங்க இன்னும் வாயில வைக்கலை. வைக்காத வேளை கணக்குல சேருமா?"

அல்லியம்மை யோசித்தாள். "சேராது."

"அப்ப கை கழுவிட்டு உக்காருங்க."

உட்காரச் சொல்லிவிட்டாள். போடுவதற்கு என்ன இருந்தது? அடுப்பில் புதுப் பானையில் வெறும் சோறு. வேறொன்றுமில்லை. மறுபடி குழம்பு வைக்க நேரமில்லை. கல்லுக்குள் அடிக்கிற சத்தம் இப்போது காதை வைத்துக் காத்துக் கிடந்தால்தான் கேட்டது.

சோறு எடுக்க அகப்பையை நீட்டினாள் அங்காயி. "அது குழம்புல பட்டது" என்றாள் மாராயி. கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு, சுடச்சுடச் சோற்றைக் கையாலேயே அள்ளிப் புது இலையில் வைத்தாள். விரல் கன்றிச் சிவந்தது. வடிகஞ்சியைக் கொஞ்சம் ஊற்றினாள். உப்பை எடுத்தாள்.

"உப்பும் கடல்ல இருந்துதானேடி வருது? அதுவும் மீன் கிடந்த தண்ணிதானே?" என்றாள் அங்காயி. இப்போது அவளுக்கு எதைப் பார்த்தாலும் பயமாக இருந்தது.

மாராயிக்கும் பயம் வந்தது. உப்பை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, வெள்ளையாக இருந்த இரண்டே கல்லைப் போட்டாள். இப்படி ஓர் இலையை அந்த வீட்டு வாசலுக்கு வந்த எவருக்கும் போட்டதில்லை. தலை நிமிராமல் நின்றாள்.

அல்லியம்மை கண்ணை மூடினாள். திறந்தாள். ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

கோழிகள் திரும்பிப் பார்த்தன. கன்றுக்குட்டி காதை நிமிர்த்தியது. அங்காயி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

அல்லியம்மை வாயைத் திறந்தாள்.

"உப்பு பத்தலை" என்றாள்.

மாராயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அல்லியம்மை எழுந்து கல்லுக்கு எதிரே போய் நின்றாள். "பானையை உடைச்சது தப்பு. கல்லா நின்னது போதும். வாப்பா" என்றாள்.

முதலில் விரல் அசைந்தது. வில் கீழே விழுந்தது. அப்புறம் தோள், கழுத்து, முகம். செங்கோடன் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் தடவிப் பார்த்தான்.

"எவ என் தலையில குடை கட்டினது?" என்றான்.

அங்காயி அழுதுகொண்டே அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

புறப்படும்போது அல்லியம்மை மாராயியிடம், "கை நீட்டித் தடுத்தியே, அதுக்கு ஒரு வரம் தரேன். கேளு" என்றாள். பொன் கேட்பாள், நிலம் கேட்பாள் என்று வேலிக்கு வெளியே ஊரார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மாராயி அந்த வெறும் சோற்று இலையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்க வீட்டுல உங்களுக்கு வெறும் சோறு போட்டுட்டேன். அது மனசை அறுக்குது. ஒரு வருஷம் கழிச்சு வரணும். குழம்போட சாப்பிடணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அல்லியம்மை வரம் கொடுத்தாள்.

அந்த வீட்டில் அதன்பிறகும் காலையில் முயலும் மத்தியானம் காடையும் வெந்துகொண்டுதான் இருந்தன. செங்கோடன் அம்பு விடுமுன் எதிரே குடிசை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வருஷம் அல்லியம்மை வந்தபோது, குழம்பு வைத்தவள் அங்காயி. வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து, பிஞ்சுக் கத்தரிக்காயைக் கீறி அடைத்து, நல்லெண்ணெய் மிதக்க வைத்திருந்தாள். வைக்கும்போது யாரையும் அடுக்களைக்குள் விடவில்லை. இலைக்குப் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்துகொண்டு, ஈ ஒன்று விழுந்துவிடக் கூடாதே என்று விசிறிக்கொண்டே இருந்தாள்.

அல்லியம்மை மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாயும் வரை, பின்னும் விளக்கு வைக்கும் வரை, மனுஷப் பேச்சாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

இலை காலி. கதையும் காலி. கேட்டவர்கள் எழுந்து கை கழுவலாம்.