ஊறுகாயைத் திட்டிய முதல் ஆள்

கொன்றைநாட்டு வீரகேசரி ராஜாவுக்குப் புதுப் பொருள் என்றால் உயிர். அது தெரிந்த ஒரு கப்பல் வணிகன், பேசும் செப்புப் பாவைகளைக் கொண்டுவந்து இறக்கினான். ராஜா ஊரில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

"பாவையே, ஒரு படி துவரை" என்று சொன்னால் போதும். எங்கே விலை குறைவு, எங்கே சரக்கு இருக்கிறது என்று அதுவே பார்த்து, ஆளை அனுப்பி வாங்கி வாசலில் வைத்துவிடும். ஒரு பாவை கேட்டது எல்லாப் பாவைக்கும் தெரியும். எந்தக் கடைத் துவரை என்று மட்டும் தின்கிறவனுக்குத் தெரியாது.

மூன்றே மாதத்தில் கடைத்தெரு ஈ ஓட்டியது. பாவையின் ஆள் இன்று ஒரு கடையில் பத்து ஜாடி அள்ளுவான். அப்புறம் ஒரு மாதம் எட்டிப் பார்க்கமாட்டான்.

அமைச்சர் தாண்டவராயர் எழுந்தார். "அரசே, இனிக் கடைத்தெரு எதற்கு? இடித்துவிட்டால் அருமையான யானைக்கொட்டில் கட்டலாம்."

"வேண்டாம் அரசே" என்றார் விகடப் புலவர் அம்பலவாணர். "ஜனங்களுக்குக் கடை மேல் பிடிப்பு உண்டு."

"பிடிப்பா? யாராவது ஒருவன் பாவையிடம் கடையின் பெயரைச் சொல்லிக் கேட்டானா?" ராஜா சிரித்தார். "ஒரு மாதம் தருகிறேன். தண்டோரா கூடாது, இனாம் கூடாது, வாங்கச் சொல்லி ஒரு வார்த்தை கூடாது. ஒரே ஒருவன் பெயர் சொல்லிக் கேட்கட்டும், தெரு பிழைக்கும். இல்லையென்றால் தெருவில் யானை நிற்கும், உம்முடைய ஆசனத்தில் பாவை உட்காரும். அதுவாவது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது!"

சபையே சிரித்தது. அம்பலவாணரும் சிரித்துவைத்தார். வெளியே வந்ததும் நேரே ஊறுகாய்க் கடைப் பேச்சியம்மாளிடம் போனார்.

"வாங்க புலவரே. யானை எப்ப வருது?" என்றாள் பேச்சியம்மாள்.

"கேலி பண்ணாதே தாயி. உன் ஊறுகாயைப் பற்றி யாராவது ஏதாவது சொல்கிறார்களா?"

"முன்னே எல்லாம் வாசலில் நின்னு திட்டுவாங்க. உப்புக் கரிக்குது, காரம் காதைப் பிடுங்குதுன்னு. நானும் விடமாட்டேன், நாலு வார்த்தை கொடுப்பேன். மறுநாள் அதே ஆள் வந்து நிப்பான். இப்ப குறையைப் பாவைகிட்டே சொல்றாங்க. அது 'மன்னிக்கவும்'னு சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போயிடுது. என் காதுக்கு ஒண்ணுமே வர்றதில்லை."

இருபத்தாறு வருஷம் மனைவியின் வத்தக்குழம்பைக் குறை சொல்லியே சாப்பிட்டவர் அம்பலவாணர். அவள் போய்ச்சேர்ந்தபின் சத்திரத்துச் சாப்பாடு. அங்கே குழம்பு எப்படி இருந்தாலும் பேசாமல் எழுந்து கை கழுவிவிடுவார்.

"தாயி, ஓலை நறுக்கு இருக்கிறதா?" என்றார்.

அன்றிலிருந்து பேச்சியம்மாளின் ஒவ்வொரு ஜாடியின் கழுத்திலும் ஓர் ஓலை தொங்கியது. 'குறை இருந்தால் கடைத்தெருப் பேச்சியைத் திட்டி அனுப்பவும். பதில் உண்டு.'

பத்து நாளில் பாவையின் ஆள் மூச்சிரைக்க வந்து, யார் யாரோ சொல்லியனுப்பிய வசவுகளை ஒப்பித்தான். பேச்சியம்மாள் ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஜாடியில் பக்குவம் திருத்தினாள். ஓலையில் நாலு வார்த்தை பதிலும் எழுதிக் கொடுத்தாள்.

"யாரோ ஒரு மகராசன், புலவரே! ஜாடிக்கு ஜாடி வம்பு. ஆனா நாக்கு இருக்கே, அது நாக்கு! மாங்காய் ஒரு நாள் பிந்திப் பறிச்சதைக் கூடக் கண்டுபிடிச்சிட்டான்" என்றாள்.

மாதம் முடிந்தது. சபை கூடியது. தாண்டவராயர் அம்பலவாணரின் ஆசனத்தைத் துடைத்தே வைத்துவிட்டார்.

ராஜா அரண்மனைப் பாவையைக் கேட்டார். "என் ஊரில் யாராவது கடைப் பெயர் சொல்லிக் கேட்டார்களா?"

"எழுபத்திரண்டு பேர், அரசே. எல்லாரும் பேச்சியம்மாள் கடை."

ராஜா நிமிர்ந்தார். தாண்டவராயர் துள்ளினார். "சூது! ஜாடியில் ஓலை கட்டியிருக்கிறார்கள்!"

"வாங்கச் சொல்லக்கூடாது என்றுதானே உத்தரவு?" என்றார் அம்பலவாணர். "நாங்கள் திட்டத்தான் சொன்னோம்."

ராஜா மீசையைத் தடவினார். "அதுவும் சரிதான். பாவையே, முதலில் கேட்ட அந்த ஆள் யார்? கூட்டிக்கொண்டு வா, பார்க்கலாம்."

"கூட்டிவர வேண்டியதில்லை, அரசே" என்றது பாவை. அப்புறம் ராஜாவின் குரலிலேயே பேசியது. "'யாரடி அந்தப் பேச்சி? கடலில் உப்பு மிச்சம் வைத்தாளா என்று கேள்!' நான், 'மன்னிக்கவும், வேறு கடையில் வாங்குகிறேன்' என்றேன். தாங்கள், 'வேறு கடையை யார் கேட்டது? அவளிடமே போய்ச் சொல், அவளிடமே வாங்கி வா!' என்றீர்கள். இப்படி ஒன்பது முறை."

சபை உதட்டைக் கடித்துக்கொண்டது. ராஜாவின் காது சிவந்தது.

"நான் திட்டத்தானே செய்தேன்?"

"ஆமாம் அரசே" என்றார் அம்பலவாணர் பணிவாக. "பாவை வேறு கடைக்குப் போகிறேன் என்றதே. பிடிக்காத ஊறுகாய்தானே, ஏன் விடவில்லை?"

ராஜா யோசித்தார். "அது எப்படி? வேறு கடைக்குப் போய்விட்டால் அப்புறம் நான் யாரைத் திட்டுவது?"

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது. கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். யானைகளுக்கு வேறு இடம் பார்க்க உத்தரவானது. அம்பலவாணருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது, ஆசனமும் தங்கியது.

தாண்டவராயர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். இலையில் உட்கார்ந்து, "பாவையே, ஊறுகாய் கொண்டு வா" என்றார்.

பாவை கேட்டது: "யார் கடை ஊறுகாய், ஐயா?"